காது உயரம்

நான்கு ஸ்பீக்கர் பெட்டிகளும் காலையிலேயே வேனில் திரும்பி வந்துவிட்டன. மழை விடாமல் பெய்துகொண்டிருந்ததால் அவற்றுக்குப் பழைய மழைக்கோட்டுகளைப் போர்த்தியிருந்தார்கள். பட்டறை வாசலில் வரிசையாக இறக்கி வைத்தபோது, வெளியூர் கிளம்பிய நாலு பேர் ரயிலைத் தவறவிட்டுத் திரும்பி வந்து நிற்பதுபோல இருந்தது.

கூடவே வந்தவர் நூலகத்துக் கேட்புக் கூடத்தின் பொறுப்பாளர். பார்வை மங்கியவர்களும், எழுத்துக் கூட்டிப் படிக்கச் சோம்பல்படுகிறவர்களும், சும்மா மழைக்கு ஒதுங்கியவர்களும் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் யாரோ புத்தகம் வாசிப்பதைக் கேட்கிற கூடம் அது. பன்னிரண்டு பெட்டிகள் வேண்டும் என்று சொல்லியிருந்தார். முதல் நான்கை எடுத்துப்போய் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, இப்போது குடையை மடக்க மனமில்லாமல் நின்றார்.

"சத்தத்துக்கு ஒண்ணும் குறையில்லீங்க. முன் வரிசைல இருக்கவங்க ஆஹான்றாங்க, ஓஹோன்றாங்க. மூணாவது வரிசைதான் பிரச்சனை. 'என்ன சொன்னா, என்ன சொன்னா'ன்னு முன்னாடி இருக்கவங்க தோளைப் புடிச்சு உலுக்குறாங்க. நேத்து ரெண்டு பேருக்குள்ள கைகலப்பே ஆயிருச்சு."

"உங்க ஹால்ல எதிரொலி இருக்கும் சார்," என்றான் ஸ்பீக்கர்காரன். அவன் உயரம் பொறுப்பாளரின் சட்டைப் பையோடு முடிந்தது. "பெட்டில தப்பிருக்காது. ஒவ்வொண்ணையும் உக்காந்து கேட்டுத்தான் அனுப்பறேன்."

"முன்ன இதே ஹால்ல வேற ஸ்பீக்கர் இருந்துச்சே. சத்தம் கரகரன்னு இருக்கும். ஆனா கடைசி ஆளுக்கும் புரிஞ்சுது."

ஸ்பீக்கர்காரனின் மனைவி பெட்டிக்காரி ஒரு பெட்டியின் மழைக்கோட்டை விலக்கி, மூலையில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று விரலால் தடவினாள். இறங்கவில்லை. அவள் சேர்த்த மூட்டுகளில் இதுவரை தண்ணீர் இறங்கியதில்லை.

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணிக் குடுத்தா வச்சுக்கறேன்," என்றார் பொறுப்பாளர். "இல்லன்னா வேற இடம் பார்க்கணும். கோவிச்சுக்காதீங்க."

அவர் போன பிறகு கணவனும் மனைவியும் வேன் விட்டுப்போன புகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"குரல்ல ஓட்டை இருக்குன்னு நான் சொன்னேன்," என்றாள் பெட்டிக்காரி.

"நீ எல்லாப் பெட்டிக்கும் அதைத்தான் சொல்லுவ."

"எல்லாப் பெட்டிலயும் இருந்துச்சு."

அந்த வீட்டில் மூன்று அறைகள். வாசல் அறை அவளுடையது. பிளைவுட் பலகைகள், மூலைமட்டம், கிளாம்புகள், இறுகாத பசையின் புளித்த வாசனை. மழை நாட்களில் பசை காய இரண்டு மடங்கு நேரம் ஆகும். பலகைகள் ஈரத்தைக் குடித்து அரை நூல் அகலம் கூடிவிடும். காலையில் அளந்ததை மதியம் மறுபடி அளக்க வேண்டும். பின் அறை அவனுடையது. சுவரெல்லாம் கனத்த துணி, ஒரு மேஜை, ஸ்பீக்கர் வைக்கும் நிலை, ஒரே ஒரு நாற்காலி. இரண்டுக்கும் நடுவில் அடுப்பு. அங்கே அவனுடைய அக்கா, அதாவது பெட்டிக்காரியின் நாத்தனார், ஒரு கையால் சமையலும் மறுகையால் பெட்டிகளுக்குப் பாலிஷும் பார்த்தாள். எந்தக் கை எதைத் தொட்டது என்பதில் மட்டும் இன்றுவரை தவறு நடந்ததில்லை.

வேலைப் பிரிவினையைப் பற்றி யார் கேட்டாலும் ஸ்பீக்கர்காரனிடம் ஒரு பதில் இருந்தது. "மரம் அவ, காது நான். அவளுக்குக் காது கிடையாது. அதனால எனக்கு நிம்மதி." பசைக் கடையில் சொல்வான், ஒயர் கடையில் சொல்வான், பெட்டி வாங்க வந்தவர்களிடம் தேநீர் கொடுத்துவிட்டுச் சொல்வான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் முதல் சில வருடங்கள் சிரித்திருக்கிறாள்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரொட்டி, அவித்த முட்டை, மிளகு தூவிய பருப்பு. கூரைத் தகரத்தில் மழை ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

"மரச்சாமான் கம்பெனி சூப்பர்வைசர் போன வாரம் வந்தாரில்ல?" என்றாள் பெட்டிக்காரி.

"மூட்டெல்லாம் தடவித் தடவிப் பாத்துட்டுப் போனாரே, அவர்தானே?"

"திங்கக்கிழமைலேர்ந்து வேலைக்கு வரச் சொல்றார். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்."

ஸ்பீக்கர்காரனின் வாயில் முட்டை அப்படியே நின்றது.

"முட்டைய முழுங்குடா முதல்ல," என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரிக்கு ஓட எனக்குத் தெம்பில்ல."

அவன் முழுங்கினான். "நீ எதுக்குப் போகணும்?"

"அங்க மேஜை செய்யறாங்க. மேஜை ஆடுதுன்னு நான் சொன்னா, உனக்குக் கால் கிடையாதுன்னு யாரும் சொல்லமாட்டாங்க."

அக்கா சிரித்துவிட்டு, தம்பி முகத்தைப் பார்த்ததும் பருப்பை அள்ளி அவன் தட்டில் போட்டாள்.

"இங்க பாரு," என்றான் அவன். கோபம் இல்லை. குழம்பிப் போயிருந்தான். "வேணும்னேவா சொல்றேன்? நீ சொல்ற ஓட்டை எனக்குக் கேக்கலையே. ராத்திரி பகல்னு உக்காந்து கேக்கறேன். கேக்காத ஒண்ண எப்படி இருக்குன்னு சொல்றது?"

"அதைத்தான் நானும் பன்னெண்டு வருஷமா யோசிக்கறேன். ஒரே பெட்டி. ஒரே ரூம். ஒருத்தருக்குக் கேக்குது, ஒருத்தருக்குக் கேக்கல. கோளாறு உங்க காதுலயும் இல்லாம, என் காதுலயும் இல்லாம இருந்தா?"

"அப்ப எங்க இருக்கும்?"

"தெரியல. அஞ்சு மணி வரைக்கும் தேடறேன். கெடைக்கலன்னா கம்பெனிக்குப் போறேன். அவ்வளவுதான்."

அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. பலகை போதாது, இன்னொன்று வாங்க வேண்டும் என்று சொல்கிற குரலில் சொன்னாள். அதனால்தான் அவனுக்கு அதற்குப் பிறகு சாப்பிட முடியவில்லை.

திரும்பி வந்த பெட்டிகளில் ஒன்றைப் பின் அறை நிலையில் ஏற்றினார்கள். எல்லாப் பெட்டிகளையும் போலத்தான் அதுவும். செங்குத்தான முகப்பலகை. மேலே கீச்சுக் குரலுக்கான சின்ன ஸ்பீக்கர், ஒரு சாண் கீழே கனத்த குரலுக்கான பெரிய கூம்பு. உள்ளே குரலை இரண்டாகப் பிரித்து இந்த இரண்டுக்கும் கொடுக்கிற சின்ன சர்க்யூட்.

சோதனைக்கு என்று அவர்களிடம் ஒரு பதிவு இருந்தது. அக்காவின் குரல். என்றோ ஒரு நாள் கடைக்குப் போவதற்கு எழுதிய சீட்டை அவள் உரக்கப் படித்ததை அவன் பதிந்து வைத்திருந்தான்.

"முக்கால் பலகை ஆறு. திருகாணி இருநூறு. உப்புத்தாள் நாப்பது. தேங்கா ரெண்டு, பெருசா..."

அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவள் பின்னால் நின்றாள்.

"முழுசா இருக்கு," என்றான். "அக்கா என் மூக்குக்கு நேரா நின்னு பேசற மாதிரி இருக்கு."

"எனக்குத் திருகாணி வரும்போது அண்ணி சுவத்துப் பக்கம் திரும்பிக்கறாங்க."

"நான் எங்கயும் திரும்பல," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "நேரா நின்னுதான் படிச்சேன்."

"நீங்க எழுந்திரிங்க. நான் உக்காரணும்."

அவள் உட்கார்ந்தாள். அவள் நெட்டை. உட்கார்ந்தாலும் நாற்காலியின் முதுகுக்கு மேல் தோளும் தலையும் தனியாக நிற்கும். குரல் இப்போது கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் முழுசாக இல்லை. மடியில் வந்து விழுந்த துணி நூல் ஒன்றை எடுப்பதற்காகக் குனிந்தாள். குனிந்த அந்த நொடியில் பதிவுக்குள்ளிருந்த அக்கா திரும்பி அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

பெட்டிக்காரி அசையாமல் அப்படியே இருந்தாள். பிறகு மெதுவாக நிமிர்ந்தாள். குரல் விலகிப் போனது. நாற்காலியில் சரிந்து, கிட்டத்தட்ட இடுப்பால் உட்கார்ந்து, தலையைக் கீழே கொண்டுவந்தாள். குரல் வந்தது. எழுந்தாள். போனது. சரிந்தாள். வந்தது. குரல் அறையில் ஒரு மெல்லிய பலகைபோலக் கிடையாகக் கிடந்தது. அவள் அதற்குள் மூழ்கி எழுந்துகொண்டிருந்தாள்.

அக்கா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "என்ன ஏணி, கெணத்துல தண்ணி எடுக்கறியா?"

அவளை 'ஏணி' என்று கூப்பிட அந்த வீட்டில் அக்காவுக்கு மட்டும்தான் உரிமை.

"அண்ணி, பரண்ல சணல் கயிறு இருக்கும். எடுத்துட்டு வாங்க."

"என்ன கண்டுபிடிச்ச?" என்றான் ஸ்பீக்கர்காரன்.

"வாயால சொன்னா நம்பமாட்டீங்க. எனக்குத்தான் காது கிடையாதே. கயித்தால சொல்றேன்."

வாசல் அறையில் மூடாமல் கிடந்த மீதி எட்டுப் பெட்டிகளில் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஸ்பீக்கர் பூட்டாத வெறும் பெட்டி, முகத்தில் இரண்டு வட்ட ஓட்டைகள். பேசிய பெட்டியை இறக்கிவிட்டு அதே நிலையில் இதை வைத்தாள்.

"சத்தம் எந்த இடத்துலேர்ந்து கெளம்புது? பலகையோட முகத்துலேர்ந்தா?"

"இல்ல. சின்னதுக்குக் கிட்டத்தட்ட முகத்துலதான். பெருசுக்குக் கூம்போட அடிலேர்ந்து. அங்கதான் கூம்பைத் தள்ற கம்பிச் சுருள் இருக்கு."

"எவ்வளவு உள்ள?"

அவன் ஒரு பெரிய ஸ்பீக்கரை எடுத்து அளந்தான். "மூணு விரல்."

அவள் இரண்டு குச்சிகளை எடுத்தாள். மேல் ஓட்டையில் முகத்தோடு ஒட்டி ஒன்றையும், கீழ் ஓட்டையில் மூன்று விரல் உள்ளே தள்ளி ஒன்றையும் குறுக்கே இறுக்கி, நடுவில் குச்சிக்கொரு ஆணி அடித்தாள். ஆணிகளில் கயிறு கட்டினாள். பிறகு ஒரு நீளமான மரச்சட்டத்தை நாற்காலியின் பக்கத்தில் நிறுத்தி, "உக்காருங்க," என்றாள். அவன் உட்கார்ந்தான். அவன் காது இருக்கும் உயரத்தில் சட்டத்தில் பென்சிலால் கோடு போட்டாள். இரண்டு கயிறுகளையும் அந்தக் கோடு வரைக்கும் இழுத்து, தொட்ட இடத்தில் வெட்டினாள். வெட்டிய துண்டுகளை ஆணியிலிருந்து அவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள்.

இரண்டும் ஒரே நீளம்.

"இப்ப நான்," என்று சொல்லி, கயிறுகளை மறுபடி ஆணிகளில் கட்டி, தான் உட்கார்ந்தால் காது வரும் இடத்தில் கோடு போட்டாள். மேல் கயிறு அங்கே வந்து தொட்டது. கீழ்க் கயிறு இரண்டு விரல் எட்டவில்லை. நிற்கும்போது காது வரும் உயரத்தில் இன்னொரு கோடு. ஐந்து விரல் எட்டவில்லை.

ஸ்பீக்கர்காரன் எட்டாத கயிற்றின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முட்டாள் இல்லை. பலகையை அவள் படிப்பதுபோலச் சத்தத்தைப் படிக்கத் தெரிந்தவன்.

"சின்னது முன்னாடி வந்துருது," என்றான் மெதுவாக. "பெருசு லேட்டா வருது."

"ஆமா."

"குரல்ல நடுவுல கொஞ்சம் இடம் ரெண்டு ஸ்பீக்கருக்கும் பொது. அங்க ரெண்டு பேரும் ஒண்ணா பேசணும். ஒருத்தன் கதவைத் தள்ளும்போது இன்னொருத்தன் இழுத்தான்னா, கதவு அசையவே அசையாது. அந்த இடம் காலி." அவன் கயிற்றை விரலில் சுற்றினான். "நான் எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணியிருக்கேன். ஒயர மாத்தி மாத்தி, ரெண்டு பேரும் ஒண்ணா வர்ற வரைக்கும் விடமாட்டேன். ஆனா..."

"ஆனா அந்த ஒரு நாற்காலிக்கு."

"அதுலயும் அந்த நாற்காலிக்கு," என்றாள் அக்கா. "ஊர்ல எந்த நாற்காலி இவ்வளவு குள்ளமா இருக்கு? காலை வெட்டினது யாரு?"

பெட்டிக்காரி குனிந்து நாற்காலியின் காலைப் பார்த்தாள். கல்யாணமான முதல் வருடம், அந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாமல் தொங்கும். மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கிறானே, முழங்கால் மரத்துப்போகுமே என்று ஒரு மாலையில் பெட்டிக்காரிதான் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு நாலு காலிலும் நாலு விரல் அறுத்தாள். அறுத்த முனைகளுக்கு உப்புத்தாள்கூடப் போட்டாள்.

"நான்தான் வெட்டினேன்," என்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "வெட்டினது நான். அதுல உக்காந்து ஊருக்கெல்லாம் கேட்டது நீங்க."

"இத்தனை வருஷம் யாரும் குறை சொல்லலையே?"

"வீட்டுல சோபால புதைஞ்சு உக்காந்து கேட்டிருப்பாங்க. சிலது தரைல படுத்துக்கிட்டுக் கேட்டிருக்கும். இந்த ஹால்லதான் படிப்படியா பெஞ்சு மேல போகுது."

அவன் எழுந்தான். பேசிய பெட்டியைத் தானே தூக்கி மறுபடி நிலையில் வைத்து ஒயரை மாட்டினான். நாற்காலியை ஒதுக்கினான். வாசல் அறையிலிருந்து ஆணி மரப்பெட்டியை இழுத்துவந்து போட்டு, அதன் மேல் ஏறி நின்றான். மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டான். இப்போதுதான் இரண்டு பேர் காதும் ஒரே உயரத்தில் இருந்தன.

"போடுக்கா," என்றான்.

"முக்கால் பலகை ஆறு. திருகாணி..."

அவன் முகம் மாறுவதை இருவரும் பார்த்தார்கள். பழகிய வீட்டில் ஒரு படி காணாமல் போனதுபோல அவன் கால் ஒருமுறை தடுமாறியது. பதிவு முடியும்வரை கேட்டான். இன்னொருமுறை போடச் சொன்னான். தேங்காய்வரை கேட்டான்.

"உனக்கு எப்பவும் இப்படித்தான் கேக்குமா?"

"எப்பவும்."

"பன்னெண்டு வருஷமா?"

"பன்னெண்டு வருஷமா."

அவன் மரப்பெட்டியிலிருந்து இறங்கவில்லை. "அக்கா குரல் இவ்வளவு மோசமாவா இருக்கும்?"

"அடி வாங்கப் போற," என்றாள் அக்கா.

மூன்றரை மணிக்குப் பெட்டிக்காரி பொறுப்பாளருக்கு போன் செய்தாள். "சார், உங்க பெஞ்செல்லாம் எவ்வளவு உயரம்? ஒவ்வொரு வரிசையும் ஸ்பீக்கர்லேர்ந்து எவ்வளவு தூரம்?"

"பெஞ்சு உயரமா? ஸ்பீக்கருக்கா?"

"ஆமா சார். உக்காந்தவங்க காது உயரம் தெரிஞ்சா இன்னும் நல்லது. டேப் எடுத்துட்டுப் போய் ரெண்டு பேரை அளந்து சொல்லுங்க. சண்டை போட்ட ரெண்டு பேரே இருந்தாலும் பரவால்ல."

அரை மணி நேரத்தில் அளவுகள் வந்தன. அவற்றைச் சட்டத்தில் ஏற்றிக் கயிறு இழுத்தாள். நடு வரிசையின் காதுக்கு இரண்டு கயிறும் சமமாக வர வேண்டுமென்றால், முகப்பலகை நேராக நிற்கக் கூடாது. சின்ன ஸ்பீக்கர் பின்னால் போகும்படி மேல்பக்கம் சாய வேண்டும். வெறும் பெட்டியின் முன் விளிம்புக்கு அடியில் ஒவ்வொரு மரச்சக்கையாகச் செருகினாள். நான்காவது சக்கையில் கயிறுகள் சந்தித்தன.

"முன் வரிசைக்கு?" என்றான் அவன்.

"அரை விரல் குறையும். கடைசிக்கு அரை விரல் கூடும். எல்லாருக்கும் நூலு பிசகாம வர்ற மாதிரி பெட்டி கிடையாது. அரை விரலை யாராலயாவது கேக்க முடியுமா?"

அவன் யோசித்தான். "முடியாது. நான் கேட்டாலும் முடியாது."

"அப்ப திரும்பி வந்த நாலுக்கும் அடில ஆப்பு அடிச்சுடறேன். மிச்ச எட்டும் மூடாமத்தான் கெடக்கு. பக்கப் பலகைய இந்தச் சாய்வுக்கு அறுத்துட்டு முகத்தைத் திரும்ப மாட்டலாம். நீங்க சர்க்யூட்டைத் திரும்பப் பார்க்கணும்."

"பாக்கறேன்."

"அந்த நாற்காலில உக்காந்து இல்ல."

"இல்ல."

அவள் வாசல் அறைக்குப் போய் முதல் பக்கப் பலகையில் சாய்கோடு போட்டாள். மழை சற்றுக் குறைந்து, தெருவில் சைக்கிள்கள் தண்ணீரைக் கிழித்துப்போகும் ஓசை கேட்டது. கடிகாரம் நாலே முக்கால். அவள் ரம்பத்தை எடுத்தாள். கம்பெனியைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஓட்டை கிடைத்துவிட்டது, உண்மைதான். ஆனால் பன்னிரண்டு வருடம் கடை கடையாகப் போன பேச்சு எந்தக் கயிற்றால் அளந்தாலும் அங்கேயேதான் இருந்தது. ரம்பம் பலகையில் பாதி இறங்கியபோது, அடுப்படியில் அவன் போனில் பேசும் குரல் கேட்டது.

"அண்ணே, பசைக் கடையா? நான்தான், ஸ்பீக்கரு. இல்லண்ணே, பசை இருக்கு. ஒரு விஷயம் சொல்லணும். என் வீட்டுக்காரிக்குக் காது கிடையாதுன்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேன்ல? அவளுக்குக் காது இருக்குண்ணே."

மறுமுனை என்ன சொன்னதோ, அவன் திணறினான்.

"இல்லண்ணே, ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகல. ஆபரேஷனும் இல்ல. முதல்லேர்ந்தே இருந்துச்சு. எனக்குத்தான் எட்டல. ஆமா. கடைல வர்றவங்ககிட்டயும் சொல்லிடுங்க. நீங்கதானே எல்லார்கிட்டயும் சொன்னீங்க. சரிண்ணே. வச்சுடறேன்."

ரம்பம் நின்றிருந்தது. அவன் அடுத்த எண்ணை அழுத்தினான். ஒயர் கடை. மறுபடி முதலிலிருந்து, அதே வார்த்தைகள், அதே திணறல். பிறகு வீட்டுக்குப் பெட்டி வாங்கிய ஒரு வாத்தியார். அவரிடம், "நீங்க சோபாலதானே உக்காந்து கேக்கறீங்க? அப்ப சரி," என்பதையும் சேர்த்துக்கொண்டான்.

அக்கா பாலிஷ் துணியோடு வாசல் அறைக்கு வந்தாள். "இன்னும் எத்தனை பேருக்குப் பண்ணுவானாம்?"

"எத்தனை பேர்கிட்ட சொன்னாரோ அத்தனை பேருக்கு."

"அப்ப திங்கக்கிழமை வரைக்கும் போகும்."

பெட்டிக்காரி ரம்பத்தைப் பலகையிலேயே விட்டுவிட்டு, கையிலிருந்த மரத்தூளை முந்தானையில் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். ஐந்தாக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன.

"சார், நான் பெட்டிக்காரி பேசறேன். வரல சார். இல்ல, உங்க கம்பெனில ஒரு குறையும் இல்ல, நல்ல வேலைதான். இங்க எட்டுப் பெட்டி மூடாம வச்சிருக்கேன். இனிமே நான் கேட்டுட்டுச் சரின்னு சொன்னாத்தான் மூடுவோம்."